கால் முன்னால் வைத்து இறங்கிய கோட்டை

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பாய் மேல் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. வேலையில் எனக்குக் கெட்ட பெயர் கிடையாது. ஆனால் மேல்தட்டுப் புடவையை எடுக்க யாராவது ஏணியைச் சாய்த்தால் போதும், நான் வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, "அந்தக் கலரு உங்களுக்கு வேணாம்மா. இத பாருங்க, முகத்துக்கு என்னமா எடுக்குது" என்று கீழ்த்தட்டில் இருப்பதையே தள்ளிவிடுவேன். முதலாளி இதை வியாபாரத் திறமை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். திறமையும் இல்லை, மண்ணும் இல்லை. பயம். ஏணியில் கால் வைத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசும். அப்புறம் முட்டி கூசும். அதற்கும் மேலே போனால் கும்பிடாத சாமிகூட ஞாபகத்துக்கு வரும்.

அப்படிப்பட்ட என்னைத்தான் என் அக்கா வீட்டுக்காரர் செஞ்சிக் கோட்டையின் உச்சி வரைக்கும் ஏற வைத்தார். ஏற வைத்தது அவர். இறங்கும்போது அவர் நடக்கவில்லை.

எங்கள் ஊர் முசரவாக்கம் பக்கம். ஆடி மாதம் அம்மன் புறப்படும்போது பல்லக்குத் தூக்க ஒரு செட் இருக்கிறோம், எட்டுப் பேர். பல்லக்கின் அடியில் போகிற நீளமான இரண்டு மரத் தண்டுகளை வாரை என்போம். வாரைக்கு ஆள் போடும்போது வயசு பார்ப்பதில்லை, வசதி பார்ப்பதில்லை, தோள் உயரம்தான். உயரம் ஒத்து வருகிறவர்கள் ஜோடி. என் ஜோடி வெல்டிங் கடை வைத்திருப்பவன். அவன் மாதா கோயில் தேரையும் தூக்குவான், அம்மன் பல்லக்கையும் தூக்குவான். கேட்டால், "ரெண்டு ஆத்தாளும் ஒரே வெயிட்டுதாம்பா" என்பான். நாங்கள் இரண்டு பேரும் கட்டை. அதனால் பின்வாரை. முன்வாரையில் நிற்பது ஒரு எலக்ட்ரீஷியன், ஆளும் உயரம், குரலும் உயரம். அவன் "ஏந்து" என்றால் ஏந்துவோம், "நிதானம்" என்றால் நிற்போம். பின்வாரையில் இருக்கிற சௌகரியம், முன்னால் மேடா பள்ளமா என்று பார்க்கிற வேலை நமக்கு இல்லை. முன்னால் போகிறவன் பிடரியும் அம்மன் முதுகும்தான் தெரியும். பயந்தவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

திருவிழா முடிந்து ஊர் சார்பில் தூக்கினவர்களுக்கு ஒரு நாள் வேன் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். எப்பவும் கடற்கரைக்குத்தான் போவோம். கடல் எனக்குப் பிடிக்கும், தட்டையாக இருக்கும். இந்தத் தடவை மாமா குறுக்கே வந்தார். அவருக்குச் செவிலிமேட்டில் அரிசிக் கடை. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மூட்டை அரிசி கொடுக்கிறவர் என்பதால், தோளே கொடுக்காமல் வேனில் அவருக்கு ஒரு சீட்டு உண்டு. கடையில் கூட்டம் இல்லாத நேரம் பூராவும் போனில் கோட்டை கோட்டையாகப் பார்ப்பார். எந்தக் கோட்டையை யார் பிடித்தான், யார் விட்டான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"கடல்ல என்னாபா இருக்குது? தண்ணிதான் இருக்குது. செஞ்சிக்குப் போலாம்" என்றார். அரிசி கொடுத்தவர் சொல்லிவிட்டார், போனோம்.

காலையில் வேன் செவிலிமேட்டில் அவரை ஏற்றிக்கொள்ள நின்றபோது அக்கா வாசலுக்கு வந்தாள். என்னை மட்டும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள்.

"டேய், உங்க மாமாவுக்கு பிரஷர் இருக்குது. மலை ஏற வுடாத."

"நானே ஏற மாட்டேங்க்கா, அவர எங்க ஏத்தப் போறேன்?"

"நீ ஒண்ணும் நையாண்டி பண்ண வேணாம். எப்படி கூட்டிக்கினு போறியோ, அப்படியே கொண்டாந்து வுடணும். உன்னாண்டதான் சொல்றேன்."

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் அவள் கை எங்கள் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

வந்தவாசி வழியாகப் போய் இறங்கியபோது நல்ல வெயில். கோட்டை மலையை அப்போதுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தேன். யாரோ லாரி லாரியாகப் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டு, அடுக்காமல் போய்விட்ட மாதிரி ஒரு மலை. அதன் உச்சியில் ஒரு கட்டடம். அதைக் கட்டினவனுக்குக் கீழே இடமா கிடைக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

மாமா நடக்க ஆரம்பித்ததும் வாயும் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் நின்று, "இது என்னான்னு தெரியுமா?" என்பார். நாங்கள் தெரியாது என்று சொல்லும்வரை நகர மாட்டார்.

"மொதல்ல இங்க ஆடு மேய்க்கிற கூட்டத்துத் தலைவர் ஒருத்தர்தான் மலை மேல மதில் வச்சாராம். அப்புறம் நாயக்கருங்க வந்து ஊராவே ஆக்கிட்டாங்க. அரமன, களஞ்சியம், குளம், கோயிலு எல்லாம். அப்புறம் பீஜப்பூர்க்காரன். அப்புறம் மராட்டியன். மராட்டியன் உள்ள இருந்துக்கினு கதவ சாத்திக்கினான், மொகலாயப் படை வெளிய வருஷக் கணக்கா குந்திக்கினு இருந்துச்சு. அப்புறம் நவாப்பு, அப்புறம் பிரெஞ்சுக்காரன், அப்புறம் இங்கிலீஷ்காரன்."

"இப்ப யாரு மாமா?"

"இப்ப கவர்மெண்டு. டிக்கெட்டு வாங்கினியா?"

ராஜா வீட்டுப் பெண்கள் இருந்தது என்று ஒரு அடுக்கு மாடத்தைக் காட்டினார். அதில் இப்போது ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முன் எடுக்கிற போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தது. பெண் கட்டியிருந்த புடவையின் கரையைப் பார்த்ததுமே எந்தக் கடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் கடை இல்லை. யானை குளித்த குளத்தில் பாசி. குதிரை கட்டின லாயத்தில் ஆடு. தொழுகை நடந்த மசூதி, சாமி இல்லாத பெரிய கோயில். அந்தக் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டதாக மாமா சொன்னபோது எங்கள் எலக்ட்ரீஷியன் மட்டும் நின்று யோசித்தான். "அவ்ளோ தூரமா? எத்தினி பேரு தூக்கியிருப்பான்? தோளு மாத்தியிருப்பானா?" என்றான். கோட்டை பார்க்க வந்தாலும் அவன் பார்ப்பது வாரையைத்தான்.

வாசல்கள்தான் எனக்கு முதலில் பயம் காட்டின. ஒன்றுகூட நேராக இல்லை. உள்ளே போனால் சுவர், இடது பக்கம் திரும்பினால் இன்னொரு சுவர், அப்புறம்தான் வழி.

"நேரா வாசல் வச்சா யானை ஓடியாந்து முட்டும்பா. அதான் திருப்பித் திருப்பி வச்சிருக்கான். திரும்பச் சொல்லோ ஆளு வேகம் கொறைவான். கொறைஞ்சா மேல நிக்கிறவன் கொதிக்கிற எண்ணெய ஊத்துவான்."

நான் மேலே பார்த்தேன். ஒரு குரங்குதான் இருந்தது. அதுவும் என்னைக் குறி பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மலை அடிவாரத்தில் ஒரு பாறைமேல் இருந்த குழியைக் காட்டினார். தண்டனை கிடைத்தவர்களை அதில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்களாம். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. "கத்தி, கத்தி, தானா அடங்கிப் பூடுவான்" என்று மாமா ரொம்பச் சாதாரணமாக, பச்சரிசி புழுங்கலரிசி விலை சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு அப்போதே நாக்கு உலர்ந்துவிட்டது. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துப் பத்திரப்படுத்தினேன்.

பாதி மலையில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. "நீங்கள்லாம் போய்ட்டு வாங்க. நான் அம்மனுக்குத் தொணையா இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்றேன்.

"அம்மனுக்கு நீ தொணையா? அது பயந்துக்கப் போவுது" என்றான் வெல்டிங் கடைக்காரன்.

மாமாவையும் உட்கார வைத்துவிடலாம் என்று பார்த்தேன். "மாமா, அக்கா ஏற வேணாம்னு சொல்லுச்சு."

"உங்கக்கா மாடிக்குத் துணி காயப்போடவே ஏறாது. அது பேச்ச கேட்டா நான் கல்லாவுலயே செத்துப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்துவிட்டார். அவரைத் தடுக்க எனக்கு வாய் இருந்தது, கை இல்லை. இரண்டு பயத்தையும் தராசில் வைத்தேன். மலை கொஞ்சம் மேலே எழும்பியது, அக்கா இருந்த தட்டு தரையைத் தொட்டது. ஏறினேன்.

எப்படி ஏறினேன் என்றால், வெல்டிங் கடைக்காரனின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். அதில் ஒரு வெடிப்பு. இன்றைக்குக் கேட்டாலும் அந்த வெடிப்பைக் காகிதத்தில் வரைந்து காட்டுவேன். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆகாசம். சில இடத்தில் கம்பி வேலி, சில இடத்தில் அதுவும் இல்லை. கல்லூரிப் பையன்கள் செல்பி எடுத்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். ஒருத்தன், "அண்ணே, பேலன்ஸ் பத்திரம்" என்றான். நான் அவனைத் திட்டவில்லை. திட்டினால் கையை விட வேண்டி வரும்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்துகிடக்கிறது. நடுவே ஆழமான வெட்டு. அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கோட்டையின் கடைசி வாசல்.

மாமா பாலத்தின் நடுவில் நின்று, எனக்காகவே நின்றார் என்று நினைக்கிறேன், "முன்ன இங்க மரப்பாலம்தான். எதிரி வந்துட்டான்னா இழுத்துக்குவான். இந்தப் பக்கம் நாலு பேரு நின்னா போதும், அந்தப் பக்கம் ஒரு படையே வந்தாலும் தம்பிடிக்கு ஒதவாது" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். என்னால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த நேரம் நான் பாலத்தில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

உச்சியில் ஒரு கோயில், ஒரு காவல் மண்டபம், ஒரு பீரங்கி, ஒரு களஞ்சியம். கோட்டை முழுக்க இருந்த எல்லாவற்றையும்விட மாமாவுக்குப் பிடித்தது அந்தக் களஞ்சியம். உள்ளே போய் இருட்டில் சுவரைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். "ஒரு சொட்டு எறங்காதுபா. ஈரம் வராது, வண்டு வராது. கீழ ஊரே எரிஞ்சாலும் மேல இருக்கிறவன் சோறு துன்னுக்கினு இருப்பான். சண்டைய ஜெயிச்சது பீரங்கியா? அரிசிதாம்பா" என்றார். அவர் குரல் அந்த இருட்டறையில் கணீரென்று திரும்பி வந்தது.

அப்புறம் குரல் வரவில்லை.

எங்களுக்கு முன்னால் அவர் வெளியே போயிருந்தார். வந்து பார்க்கிறோம், படியில் உட்கார்ந்திருக்கிறார். வியர்வை நெற்றியிலிருந்து சொட்டுகிறது. வலது கையால் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா?"

"ஒண்ணும் இல்ல. மாரு மேல யாரோ மூட்டைய எறக்கி வச்ச மாதிரி இருக்குது."

நான் சிரித்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் சிரிப்புதான் வரும், அது ஒரு வியாதி. "அரிசி மூட்டையா மாமா, எத்தினி கிலோ?" என்று வேறு கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மாமா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் எனக்குத் தெரிந்து முதல் தடவை. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பிரஷர் மாத்திரை வேனில் பையில் இருந்தது. வேன் கீழே, எறும்பு அளவுக்குத் தெரிந்தது. பார்க்கவே கூடாது என்று இருந்த நான் பார்த்துவிட்டேன்.

அங்கே இருந்த காவலாளி ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் பேசினான். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் அடிவாரம் வரைக்கும்தான் வரும், நடக்க விடாதீர்கள், சீக்கிரம் இறக்குங்கள் என்றார்கள். சொல்லி முடிக்கும்போதே சிக்னல் போய்விட்டது.

இறக்க வேண்டும். எதில்?

களஞ்சியத்துச் சுவரைப் பூசுவதற்குச் சாரம் கட்டுகிற சவுக்குக் கம்புகள் ஓரமாகக் கிடந்தன. எலக்ட்ரீஷியன் இரண்டு நீளக் கம்பை எடுத்துத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தான். "வாரை ரெடி" என்றான். அப்புறம் எங்கள் இடுப்பைப் பார்த்தான். வேனில் வசதியாக வர வேண்டும் என்று எங்களில் பாதிப் பேர் மூட்டின கைலியில் வந்திருந்தோம். மூட்டின கைலி என்பது இரண்டு பக்கமும் திறந்த ஒரு பை. இரண்டு கம்பையும் அதற்குள் விட்டுப் பரப்பினால் தூளி. ஒருத்தன் மாற்றி ஒருத்தனாகக் கைலியை உருவினோம். காவலாளி திரும்பிக்கொண்டார். அந்தக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ படை வந்திருக்கும், பட்டாப்பட்டி டிராயரில் வந்த படை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாமாவைப் படுக்க வைத்தோம். எலக்ட்ரீஷியன் தலைமாட்டில் போய் நின்றான். நானும் வெல்டிங் கடைக்காரனும் கால்மாட்டில். நடுவில் ஆளுக்கு ஒரு பக்கம். மீதிப் பேர் மாற்றிக்கொள்ளக் கூட. அந்தந்த இடத்துக்கு அவரவர் தானாகப் போய்விட்டோம்.

"கால முன்னால வச்சி எறக்கினா சுளுவா இருக்குமே" என்றார் காவலாளி.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். எங்கள் பக்கம் கால் முன்னால் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற ஊர்வலம் ஒன்றுதான் உண்டு. அது திரும்பி வருகிற ஊர்வலம் இல்லை. உயிர் இருக்கிற ஆளை அப்படி எடுத்துக்கொண்டு போவதை எங்கள் ஊரில் ஒருத்தன் வாயால்கூடச் சொல்ல மாட்டான்.

"தல முன்னால" என்றான் எலக்ட்ரீஷியன். "ஏந்து!"

ஏந்தினோம்.

அம்மன் பல்லக்கு தெருவில் மேடு பள்ளம் வந்தால் சாயாது. முன்னால் இறக்கமாக இருந்தால் முன்வாரைக்காரன் கையை உயர்த்துவான், பின்வாரைக்காரன் தொடை வரைக்கும் தாழ்த்துவான், அம்மன் அசையாமல் வருவாள். அந்த வித்தையை வைத்துத்தான் களஞ்சியத்திலிருந்து புறப்பட்டோம். ஆனால் எங்கள் தெருவை அம்மன் வருவதற்காகப் போட்டார்கள். அந்தப் படியை யாரும் வரக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம். காலுக்குப் பழக்கம் வரவே விடாது. மாமா சொன்ன ஒவ்வொரு தந்திரமும் இப்போது எங்கள் மேல் வேலை செய்தது. கடைசி வாசலின் திருப்பத்தில் கம்பு சுவரில் முட்டி நின்றது. பின்னால் போ, சாய்த்துப் பிடி, திரும்பு, மறுபடி முட்டியது. யானையை நிறுத்த வைத்த சுவர், ஒரு அரிசிக் கடைக்காரரை நிறுத்தி வைத்திருந்தது. அதைக் கட்டினவனை நான் அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். எந்தப் பரம்பரை என்று தெரியாததால் மாமா சொன்ன எல்லாரையும் வரிசையாகத் திட்டினேன்.

பாலத்தைத் தாண்டினோம். நான் தவழாமல் தாண்டினேன். கை காலியாக இருந்தால்தானே தவழ முடியும்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பாறைத் தளம். அங்கிருந்துதான் படி செங்குத்தாக விழுகிறது. எலக்ட்ரீஷியன் முதல் படியில் இறங்கினான். அவன் கையை எவ்வளவு உயர்த்தினாலும் மாமாவின் தலை கீழே போய்க்கொண்டிருந்தது, கால் என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. மாமாவின் பாதம்தான் எனக்குத் தெரிகிறது. அதற்கு அப்பால் அவர் முகம் ஈரச் சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தது.

"மூச்சு..." என்றார்.

"என்னா மாமா?"

"மூச்சு முட்டுதுடா. தல... தல தூக்கு."

பின்வாங்கித் தளத்தில் இறக்கினோம். வெல்டிங் கடைக்காரன் அவரை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்தான். மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது. படுக்க வைத்ததும் மறுபடி இழுத்தது. யாருக்கும் யாரும் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. தலை மேலே இருக்க வேண்டும் என்றால் கால் முன்னால் போக வேண்டும். அவ்வளவுதான்.

"வேணாம்பா" என்றான் எலக்ட்ரீஷியன். அந்த உயரமான குரல் கம்மிப்போயிருந்தது. "எங்கப்பாவ அப்பிடித்தான் எடுத்துக்கினு வந்தோம். நான்தான் முன்னால. என்னால ஆவாதுபா."

"உக்கார வச்சி தூக்கிக்கினு போலாமா?" என்றான் இன்னொருத்தன்.

"இந்தப் படியில நிக்கவே எடமில்ல, எவன் முதுவுல ஏத்துவ?"

"உங்கக்காவுக்கு நீ என்னா பதில் சொல்லுவ?" என்று ஒருத்தன் என்னைக் கேட்டான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது ஒரு நக்கல் வாயில் ரெடியாக இருக்கும். அன்றைக்கு இல்லை. எங்கள் அக்கா முகம் தெரிந்தது. அவள் மாமாவைப் பற்றிக் கேட்கிற மாதிரி இரண்டு விதமாக நினைத்துப் பார்த்தேன். ஏண்டா கால் முன்னால் வைத்துக் கொண்டுவந்தாய் என்று கேட்கிறாள், ஒன்று. இன்னொன்றில் மாமா இல்லை, அவள் எதுவும் கேட்கவில்லை.

"திருப்புங்கடா" என்றேன்.

"டேய்..."

"அவர் பேசிக்கினு இருக்கிறாரு. பேசிக்கினு இருக்கிறவர எப்பிடித் தூக்கினா என்னாடா? கேக்கறவங்களாண்ட நான் பேசிக்கறேன். திருப்பு!"

மாமா கண்ணை மூடிக்கொண்டே, "சீக்கிரம் திருப்பித் தொலைங்கடா" என்றார்.

திருப்புவது என்று சொல்லியபிறகுதான் அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது. தளம் சின்னது. ஒரு பக்கம் பாறை. தூளியைச் சுற்ற வேண்டும் என்றால் தலைமாடு பாறையை ஒட்டி வரும், கால்மாடு வெளிப்பக்கமாகச் சுற்றும். கால்மாட்டில் இருப்பது நான். சுற்றி முடித்தால் முன்னால் போக வேண்டியதும் நான். ஜோடியை மாற்ற முடியாது. உயரக்காரனை முன்னால் கீழ்ப்படியில் விட்டால் அவன் குனிய வேண்டும், குனிந்தால் சறுக்குவான். கட்டையான இரண்டு பேர் முன்னால், உயரமானவன் பின்னால் என்றால் தலை உயர்ந்தே இருக்கும். கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்தது, எனக்குத் தப்பிக்க ஒரு ஓட்டைகூட இல்லை.

"ஏந்து" என்றான் எலக்ட்ரீஷியன், மெதுவாக.

சுற்ற ஆரம்பித்தோம். நான் பக்கவாட்டில் நகர்ந்தேன். ஒரு அடி. இன்னொரு அடி. முதுகுக்குப் பின்னால் கம்பி வேலி என் டிராயரைத் தொட்டது. அந்த வேலியை யார் போட்டது, எப்போது போட்டது, துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. முதுகில் காற்று அடித்தது. கீழிருந்து மேலே அடிக்கிற காற்று. கை வியர்த்துக் கம்பு வழுக்கியது. கடையில் என் பாய், என் டீ டம்ளர், கீழ்த்தட்டுப் புடவைகள் எல்லாம் ஒருமுறை வந்து போயின. மாமாவைக் கீழே போடப்போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"என்னாண்ட பாருடா" என்றான் வெல்டிங் கடைக்காரன், எதிர்க் கம்பிலிருந்து. "கீழ பாக்காத. என்னப் பாரு. அழகா இருக்கிறேனா?"

"கேவலமா இருக்கிற."

"அதயே பாத்துக்கினு வா."

சுற்றிவிட்டோம். அப்புறம் நானும் அவனும் முகத்தைத் திருப்பினோம். முன்னால் எதுவும் இல்லை. பிடரி இல்லை, அம்மன் முதுகு இல்லை, குதிகால் வெடிப்பு இல்லை. படி, அதற்குக் கீழே படி, அதற்குக் கீழே மரங்களின் தலை, அதற்குக் கீழே வயல், குளம், சாலை. ஊரே கீழே விரித்துப் போட்ட மாதிரி.

நான் கத்த ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள். "படி!" என்று கத்தினேன், "பெரிய படி!" என்று கத்தினேன், "சின்னது! கல்லு ஆடுது! எடது பக்கம்!" என்று கத்தினேன். அதற்கு நடுவே அம்மனையும் மாதாவையும் அந்தப் பாதி மலை அம்மனையும் கத்தினேன். பின்னால் இருந்தவர்களுக்கு அது முன்வாரைக்காரன் குரல் கொடுக்கிற மாதிரி கேட்டிருக்கிறது. நான் கத்தின படிக்கு அவர்கள் கால் வைத்தார்கள். எனக்கு அது தெரியாது. நான் பயத்தில் கத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மாமா நடுநடுவே முனகினார். அவர் முனகல் நின்றால் நான் நின்றுவிடுவேன்.

"மாமா! இது என்னா கட்டடம்?"

"...கோயிலு."

"யாரு கட்டினது?"

"தெரியாது... போடா."

"ஏந்து!"

ஏறி வந்தவர்கள் பாறையோடு ஒட்டி வழிவிட்டார்கள். கால் முன்னால் வருகிற தூளியைப் பார்த்ததும் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு கை கூப்பினாள். "உயிரோட இருக்கிறாரும்மா!" என்று எட்டுப் பேரும் கத்தினோம். அவள் பயந்து பின்வாங்கினாள்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. மாமாவை மாற்றிப் படுக்க வைத்து, முகத்தில் மாஸ்க்கைப் போட்டு, நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். என்னைக் கூட ஏற்றிக்கொண்டார்கள். ஏறும்போதுதான் நான் இன்னும் டிராயரில் இருப்பது எனக்கே தெரிந்தது. கதவு சாத்தும் முன் யாரோ ஒரு கைலியை என் மேல் எறிந்தார்கள்.

சாலைக்கு வந்ததும் சிக்னல் வந்தது. அக்காவுக்குப் போட்டேன். என் வாழ்க்கையிலேயே நக்கல் இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொன்னது அப்போதுதான்.

"அக்கா, மாமாவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்சுல போய்க்கினு இருக்கிறோம்."

"வெளையாடாதடா."

"வெளையாட்டு இல்லக்கா."

"போன அவராண்ட குடு. உன்னாண்ட எனக்குப் பேச்சே இல்ல."

"மாஸ்க் போட்டிருக்குதுக்கா."

அந்தப் பக்கம் கடையில் அரிசி அளக்கிற படியை யாரோ டங்கென்று வைத்தது மட்டும் கேட்டது. நான் போனை மாமா காதில் வைத்தேன். மாஸ்க்குக்குள் இருந்து அவர், "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ம்... ம்" என்றார். அக்கா என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. போனைத் திரும்ப எடுத்தபோது அவள் சொன்னது, "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு" மட்டும்தான்.

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. அடைப்பு என்றார்கள், ரத்தக்குழாயில் ஏதோ வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, இன்னும் தாமதமாகியிருந்தால் தான் எதுவும் சொல்லியிருக்க முடியாது, இப்போது பயம் இல்லை என்றார். பயம் இல்லை என்று அவர் சொன்னதும் நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பயம் இருந்த வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அக்கா வந்தாள். எங்கள் செட் மொத்தமும் வராந்தாவில் நின்றது. அவளிடம் பேசிக்கொள்கிறேன் என்று மலைமேல் வீரமாகச் சொன்னவன் நான்தான் என்பதால் என்னை முன்னால் தள்ளினார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கால் முன்னால் வைத்து இறக்கினதையும் சொன்னேன். எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முன்னால யாரு தூக்கினது?" என்றாள்.

"நான்தாங்க்கா."

"நீயா?"

"ஆமா."

"அந்த மலையிலயா?"

"ஆமாங்க்கா."

அவள் என்னை நம்பவில்லை. நேராக வெல்டிங் கடைக்காரனிடம் போனாள். "நெசமா சொல்லுபா. இவனா முன்னால?"

"இவன்தாங்க்கா."

"கண்ண மூடிக்கினு எறங்கினானா?"

"இல்லக்கா. தொறந்துக்கினுதான் எறங்கினான். அதான் அப்பிடிக் கத்தினான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, உள்ளே மாமாவிடம் போனாள்.